நடுவில் கிழிந்த சுளகு

மல்லாவி
14.06.1997

பிள்ளை விமலேஸ்வரிக்கு அம்மா எழுதுவது.

நீ போன அன்றைக்கு எங்கள் கொட்டிலடியில் நின்றவர்களின் பெயரை முதலில் எழுதுகிறேன். பிறகு ஒருவரும் நான் நிற்கவில்லை, நான் சொல்லவில்லை என்று கதைவிடக் கூடாது. உழவு மிசினோடு நல்லதம்பி நின்றான். பக்கத்துக் கொட்டில் தெய்வானை உன் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். உன் புருசனுடைய தமையன் வீரகத்தி வெற்றிலை போட்டபடி நின்றான். நீ நின்றாய். உன் தோளில் பிரசாந்தன், நெஞ்சு இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி. நான் குசினிக்குள் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாயில் உன் மகள் சுதாஜினி கிடந்தாள்.

மகனை வவுனியா ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் பத்து நாளில் வருவேன் என்றாய். பெடியனுக்கு இழுப்பு வருத்தம், போகத்தான் வேண்டும். பிறகு சண்டையில் பாதை பூட்டினதும் உன் குற்றமில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் பதினொரு வயதுப் பெட்டைக்கு ஒரு சொல் சொல்லாமல் போனாய். நான் குசினிக்குள் நின்று கேட்டேன். "எழுப்பிச் சொல்லிப்போட்டு வாறன்" என்று நீ சொல்ல, வீரகத்தி சொன்னான்: "சும்மா வா பிள்ளை. எழுப்பிச் சொன்னாப்போல அதுக்கு விளங்கப்போகுதோ? அது மாட்டுக்கண்டு மாதிரி. ஆர் சோறு வைச்சாலும் தின்னும்." நீயும் சரியென்று போய் மிசினில் ஏறினாய்.

அன்றைக்கு இன்னும் இரண்டு காரியம் நடந்தது. பிள்ளையின் இடக்கையில் கிடந்த வெள்ளிக் காப்பைக் காணவில்லை. அது தெய்வானையின் வேலை. அவள்தான் உள்ளே போய் உன் பையை எடுத்தவள். மற்றது, நான் சிரட்டைக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடைசிச் சவுக்காரத் துண்டு விடியவே ஈரமாயிருந்தது. சனம் பனம்பழத்தில் உடுப்புத் தோய்க்கிற காலத்தில் வீரகத்தி துரைக்கு முகம் கழுவச் சவுக்காரம் கேட்டிருக்கிறது.

இனி உன் கடிதத்துக்கு மறுமொழி. கொழும்புப் பக்கம் ஒரு மடம் இருக்கிறது, அங்கே கன்னியாஸ்திரிமார் வாயும் கைகாலும் வழங்காத இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கினம், நோயாளர் வாகனத்தில் ஏற்றிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏற்ற மாட்டேன். பிள்ளை தானே மாட்டேன் என்று சொல்லிப்போட்டாள்.

எப்படிச் சொன்னாள் என்று கேட்பாய். செயற்கைக்கால் செய்து கொடுக்கிற இடத்தில் வேலை செய்கிற நேசமலர் என்ற பிள்ளை சைக்கிளில் வருகிறவள். பிள்ளை கண்ணாலே பார்த்து வேண்டியதைச் சொல்லட்டும் என்று அவள் முதலில் படம் ஒட்டின ஒரு மட்டை கொண்டு வந்தாள். அதிலே ரெலிபோன், கோதுமைப் பாண் துண்டு, ஆள் படுத்துக் குளிக்கிற ஒரு தொட்டி. எங்கள் பெட்டை பாண் கண்டு எவ்வளவு காலம்! கண்ணை மூடிவிட்டாள். "ஆச்சி, பிள்ளைக்குத் தெரிஞ்ச சாமானாய்க் கட்டுவம். அந்தப் பக்கம் இருந்து கண்ணைப் பாக்க ஒரு ஓட்டையும் வேணும்" என்றாள் நேசமலர். அரிசி புடைக்கிற சுளகு ஒன்று நடுவில் கிழிந்து, எறியவென்று வைத்திருந்தேன், அதை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அந்தச் சுளகின் விளிம்பைச் சுற்றிச் சாமான் தொங்குகிறது. சிரட்டைத் துண்டு என்றால் தண்ணி. சீலையில் முடிந்த அரிசி என்றால் பசி. பாய்த் துண்டு, வீட்டில் கிடக்க. மாட்டுக் கயிறு, வெளியே போக. நகமளவு சவுக்காரம், குளிக்க. என்னுடைய வெறும் சுண்ணாம்பு டப்பி, முடிந்தது, போதும். நான் ஓட்டைக்குள்ளால் பார்க்க, அவளுடைய கண் எதிலே போய் நிற்கிறதோ அதுதான் சொல். கண்ணை மேலே தூக்கினால் ஓம். இறுக்கி மூடினால் இல்லை. மடத்துக்குப் போறியோ என்று கேட்டேன். இறுக்கி மூடினாள்.

அம்மா மீனம்மா

வவுனியா முகாம்
09.08.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. பிரசாந்தனுக்கு இப்போது சுகம், ஆனால் மாதாமாதம் கிளினிக்குக்குக் காட்ட வேண்டும். பாதை திறந்தாலும் உடனே வர இயலாது.

நான் சுதாவை வேண்டாமென்று எழுதவில்லை. உங்களுக்கு எழுபதாகப் போகிறது. செல் விழுந்தால் பங்கருக்கு அவளை யார் தூக்குவது? இடம்பெயர வேண்டி வந்தால்? வட்டக்கச்சியிலிருந்து வந்தபோது நானும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். இப்போது நீங்கள் தனி. கண் மூடினால் அந்த யோசனைதான். அதனால்தான் மடத்தைப் பற்றி விசாரித்தேன்.

சுளகுக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். கோபிக்காதேங்கோ அம்மா. பிள்ளையின் கண் அங்கேயும் இங்கேயும் ஓடும், அது பிறந்ததிலிருந்து அப்படித்தான். அது எங்கேயாவது நிற்க நீங்கள் உங்களுக்கு விருப்பமானதைச் சொல்லுகிறீர்கள். மடத்துக்குப் போக மாட்டேன் என்றது அவளா, நீங்களா?

எனக்கு இந்தச் சந்தேகம் வரக் காரணம் இருக்கிறது. சின்னதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோனபோது வாத்தியார் என்னிடம் பெயர் கேட்டார். நீங்கள் சொன்னீர்கள். காய்ச்சலுக்குப் போனால் எங்கே நோகிறது என்று டொக்டர் என்னிடம் கேட்பார். நீங்கள் சொல்லுவீர்கள். கலியாணம் பேச வந்தவர்கள் "பிள்ளைக்கு விருப்பமோ" என்று கேட்டபோதும் "ஓம், ஓம், அவளுக்கு விருப்பம்" என்றது நீங்கள்தான். எனக்கு வாய் இருந்தது அம்மா. வாய் இருந்தும் அப்படி. சுதாவுக்கு அதுவும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். சுளகில் எனக்கென்று என்ன கட்டியிருக்கிறீர்கள்? அவள் என்னை எப்படிக் கேட்கிறாள்?

உங்கள் மகள்
விமலேஸ்வரி

மல்லாவி
02.10.1997

விமலேஸ்வரிக்கு,

கலியாணப் பேச்சை இப்போது இழுத்துக்கொண்டு வருகிறாய். அன்றைக்கு நீ கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டிச் சிரித்தாய். அதைப் பார்த்துத்தான் ஓம் என்றேன். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. அன்றைக்கு நீ நீலப் பாவாடை.

உனக்கு ஒன்றும் கட்டவில்லை. இல்லாத ஆளுக்கு என்னத்தைக் கட்டுகிறது? சுளகிலும் இடமில்லை.

நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை நேசமலருக்கு வாசித்துக் காட்டினேன். அவள் உன் பக்கம். "ஆச்சி, அவ கேக்கிறது சரிதான். சாமானை இடம் மாத்திக் கட்டிப்போட்டுத் திரும்பவும் கேளுங்கோ. அதையே பாத்தா அது பிள்ளையின்ரை சொல்லு" என்றாள். அப்படியே செய்து பார்த்தோம். அரிசியை மேலே கட்டினால் மேலே பார்க்கிறாள், கீழே கட்டினால் கீழே பார்க்கிறாள். அவள் கண் சும்மா ஓடவில்லை. எங்களுக்குத்தான் பொறுமை இல்லை.

ஆனால் ஒரு காரியம் எனக்குப் பிடிபடவில்லை. எழுதுகிறேன், கேள்.

போன மாதம் தெய்வானையோடு வேலியடியில் பெரிய சண்டை. அவள் மகளின் கையில் ஒரு காப்பைக் கண்டேன். விடுவேனா? "என்ரை பேத்தியின்ரை காப்பு எப்பிடியடி உன்ரை வீட்டிலை" என்று கேட்டேன். "எணை மாமி, இது பித்தளை, வேணுமெண்டால் கடிச்சுப் பாருங்கோ. பல்லு இருந்தால்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசிவிட்டு உள்ளே வந்தால் சுதா பாயில் துள்ளுகிறாள். தொண்டையால் ஒரு சத்தம். சுளகை எடுத்தேன். தன் இடக்கையைப் பார்க்கிறாள். பிறகு சவுக்காரத்தைப் பார்க்கிறாள். திரும்ப இடக்கை, திரும்பச் சவுக்காரம்.

கையில் ஏதோ அழுக்கு என்று தேய்த்துக் கழுவினேன். கண்ணை இறுக்கி மூடினாள். இல்லையாம். சரி, மேலெல்லாம் எரிகிறதாக்கும் என்று குளிக்க வார்த்தேன். ஒரே அழுகை. அடுத்த நாளும் அதே பேச்சு. கை, சவுக்காரம். தெய்வானையின் குரல் வேலியடியில் கேட்டால் போதும், தொடங்கிவிடுகிறாள். நான் குளிக்க வார்த்து வார்த்துப் பிள்ளைக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகினதுதான் மிச்சம்.

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே விளங்காததை நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது? நீ படித்தவள், உனக்கு ஏதும் விளங்கினால் எழுது.

அம்மா

வவுனியா முகாம்
21.11.1997

அம்மா,

உங்கள் கடிதத்தை வரிசையில் நின்று வாசித்தேன். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்து, தண்ணீர் எடுக்கிற வாளியின் மேல் இருந்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் ஊரில் செத்த வீடோ என்று கேட்டார்கள்.

தெய்வானை எடுக்கவில்லை அம்மா. நான்தான் எடுத்தேன்.

அன்று விடிய, நீங்கள் மாட்டடிக்குப் போயிருந்தபோது. ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்களோ, தங்க எங்கே விடுவார்களோ என்று பயம். விற்கக்கூடியதாய் வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. காப்பு இறுக்கம், கழன்று வரவில்லை. உங்கள் சவுக்காரத்தை நனைத்து அவளுடைய கையில் தேய்த்துத்தான் வழுக்கி எடுத்தேன். வீரகத்தி அத்தான் உங்கள் சவுக்காரத்தைத் தொடவேயில்லை. சுதா கண்ணை மூடியிருந்தாள். நித்திரை என்று நினைத்தேன். அந்த இடத்தில் வேறொருவரும் இல்லை. நானும் இதுவரை எவருக்கும் சொன்னதில்லை. உங்களிடம் கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

அவள் நித்திரையில்லை. நான் தன் கையிலிருந்து கழற்றினதை அறிந்துகொண்டே கிடந்திருக்கிறாள். அத்தான் மாட்டுக்கண்டு என்று சொன்னதையும் கேட்டிருக்கிறாள். நான் மிசினில் ஏறினதும் கேட்டிருக்கும். அப்படியிருந்தும், தெய்வானை கள்ளி இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நாளும் உங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அது அவளுடைய பேச்சுத்தான்.

காப்பை விற்கவில்லை. விற்க வேண்டி வரவில்லை என்பதை விட, விற்க மனம் வரவில்லை. நேசமலரின் நிறுவனத்து ட்ரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இனி அவளுடைய கைக்கு அளவாகாது. அதைச் சுளகில் கட்டுங்கோ. அதுதான் என் பெயர். இடமில்லையென்றால் எதையாவது கழற்றிவிட்டுக் கட்டுங்கோ.

மடத்துக் கதையை நான் விட்டுவிட்டேன். செட்டிகுளத்தில் மயில்வாகனம் மாமா தன் காணியில் ஒரு குடில் போட இடம் தந்திருக்கிறார். முகாமிலிருந்து போக அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது. சுதாவிடம் கேளுங்கோ: உங்களோடு நிற்கிறாளா, என்னிடம் வருகிறாளா? நீங்கள் சொல்லாதேங்கோ. அவள் சொல்லட்டும். நீங்கள் எழுதுவதை நான் நம்புவேன்.

விமலேஸ்வரி

மல்லாவி
30.01.1998

விமலேஸ்வரிக்கு,

காப்பு வந்தது. சீலைத்துண்டை நான் அவிழ்க்கும்போதே சுதா கண்டுவிட்டாள். அவள் சிரித்தால் கையும் காலும் சேர்ந்து சிரிக்கும் என்று உனக்குத் தெரியும். பாய் ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம்.

அதற்குப் பிறகு ஒரு பூசணிக்காயை எடுத்துக்கொண்டு தெய்வானை வீட்டுக்குப் போனேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன மாமி, காயோடை வாறியள்? காப்புக் கிடைச்சிட்டுதோ?" என்றாள். "காயை வாங்கடி" என்றேன். வாங்கினாள். "பல்லில்லாட்டிலும் வாய்க்குக் குறைவில்லை" என்றாள். அவ்வளவுதான். அன்று பின்னேரம் அந்தக் காயில் பாதி கறியாகி எங்கள் வீட்டுக்கே வந்தது. உப்புக் குறைவு.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டோம். சுளகை நான் பிடிக்கவில்லை, நேசமலரைப் பிடிக்கச் சொன்னேன். நான் பிள்ளையின் தலைமாட்டுக்குப் பின்னால், அவள் என் முகத்தைக் காணாத இடத்தில் இருந்தேன். ஆனால் சாமானைக் கட்டினது நான். சுதாவின் கழுத்து இடப்பக்கம் இலேசாகத் திரும்பும். வலப்பக்கம் திருப்புகிறது அவளுக்குப் பெரும்பாடு, நரம்பெல்லாம் இழுக்கும். பாய்த் துண்டை இடப்பக்கம் கட்டினேன். காப்பை வலப்பக்கம் கட்டினேன். ஏன் அப்படிக் கட்டினேன் என்று நீ கேட்கத் தேவையில்லை.

நேசமலர் சொன்னாள்: "சுதா, பாய் எண்டால் இஞ்சை ஆச்சியோடை. காப்பு எண்டால் அம்மாட்டைப் போறது. ஆறுதலாய்ச் சொல்லு."

கொஞ்ச நேரம் அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. கிழிந்த ஓட்டைக்குள்ளால் நேசமலரைத்தான் பார்த்தாள். பிறகு தலை வலப்பக்கம் அசையத் தொடங்கியது. பாதி வழியில் கழுத்து இழுத்துத் திரும்ப இடப்பக்கம் விழுந்தது. பாய்த் துண்டுக்கு நேரே விழுந்தது. நேசமலர் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. சுதா கண்ணை இறுக்கி மூடினாள், இல்லை என்று. திரும்பவும் தொடங்கினாள். வியர்த்துக் கொட்டியது. கைவிரலெல்லாம் முறுகியது. கடைசியில் கண் காப்பில் போய் நின்றது. நின்றபடியே நின்றது.

நேசமலர் சாமானை மாற்றிக் கட்டித் திரும்பவும் கேட்டாள். இந்த முறை அவளுக்குக் கஷ்டமில்லை. காப்பு.

பிறகு நான் முன்னால் வந்து சுளகை வாங்கி "என்னிலை கோபமோ" என்று கேட்டேன். இல்லை என்று மூடினாள். சுளகைப் பார்த்தாள். பாய்த் துண்டையும் காப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டும் வேண்டும் என்கிறாள். அதற்கு நான் என்ன செய்ய? இங்கேயிருந்து வெளியே போக எனக்குப் பாஸ் தர மாட்டார்கள். நோயாளரோடு ஒரு ஆள்தான் போகலாம். வழியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் எனக்குப் பார்க்கத் தெரியாது, நேசமலருக்குத் தெரியும்.

பிள்ளை உன்னிடம் வருகிறேன் என்று சொன்னாள். நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

அம்மா

செட்டிகுளம்
17.03.1998

அம்மா,

முகாமிலிருந்து வந்துவிட்டோம். குடில் போட்டாயிற்று. சுதாவுக்கென்று வாசலோரமாய் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், வெளியே பார்க்கலாம். நோயாளர் வாகனத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது, அடுத்த மாதம் வரும் என்கிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளையைத் தூக்க, சோறு தீத்த, குளிக்க வார்க்க எனக்குத் தெரியும். அவளோடு கதைக்கத்தான் தெரியாது. ஒரு நாளும் கதைத்ததில்லையே. வந்து இறங்கினவுடனே காப்பைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்ல?

உங்களுக்கும் பாஸ் எடுக்க ஓடித் திரிகிறேன். கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கிடைக்காது என்றும் சொல்ல மாட்டேன்.

விமலேஸ்வரி

மல்லாவி
26.04.1998

பிள்ளை விமலேஸ்வரிக்கு,

இந்தக் கடிதம் சுதாவோடு வருகிறது. சுளகும் வருகிறது. வழியில் யாரும் குப்பை என்று எறிந்துவிடாமல் நேசமலர் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். சோதிக்கிற இடத்தில் ஏன் கிழிந்த சுளகு என்று கேட்டால், "இது பிள்ளையின்ரை வாய்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இதை நான் சொல்ல நீ கேட்கத்தான் வேண்டும். கேள்வி கேட்டால் பொறுத்திரு. அவளுடைய கண் போய்ச் சேர நேரம் எடுக்கும். பாதி வழியில் நீ எட்டிப் பிடித்து "இதுவோ, இதுவோ" என்று கேட்காதே. அது எனக்கு இருக்கிற பழக்கம், நீயே எழுதினாய். களைத்துப்போனால் சுண்ணாம்பு டப்பியைப் பார்ப்பாள். முடிந்தது என்றால் முடிந்ததுதான். பிறகு கேளாதே. ஆட்கள் வந்தால் அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி என்னிடம் கேட்கிற மாதிரி உன்னிடமும் கேட்பார்கள். "அவளிட்டைக் கேளுங்கோ" என்று சொல்லு.

புதிதாய் ஒரு செத்தல் மிளகாய் தொங்கும். அது கோபம். "தண்ணி, சோறு எண்டு தேவையை மட்டும் கட்டியிருக்கிறியள் ஆச்சி, பிள்ளைக்கு ஏசவும் ஒண்டு வேணுமெல்லோ" என்று நேசமலர் கட்டினது. முதல் ஏச்சு எனக்குத்தான் விழுந்தது. கஞ்சி சுட்டுவிட்டது. அதைக் கட்டினதிலிருந்து வீட்டில் ஒரே ஏச்சு, கேட்க நன்றாக இருக்கிறது. மிளகாய் உதிர்ந்தால் வேறொன்று கட்டு. ஏச்சில்லாமல் விட்டுவிடாதே.

காப்பைப் பற்றிக் கேட்டால் நடந்ததைச் சொல்லு. அவளுக்குத் தெரியும். நீ சொல்லுவாயோ என்றுதான் பார்ப்பாள்.

பாய்த் துண்டைப் பார்த்தால் அது இனி வீடல்ல, அது நான் என்று சொல்லியிருக்கிறேன். ஓம் என்று கண்ணைத் தூக்கினாள். அவள் அதைப் பார்க்கிற நாளில் எனக்கு ஒரு வரி எழுது. பாஸ் கிடைத்தால் வருவேன். கிடைக்காவிட்டாலும் எழுது.

உன் மேலே எனக்கிருந்த கோபம் போய்விட்டது. எந்த நாள் போனது என்று தெரியவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். தெய்வானையின் கணக்கும் பூசணிக்காயோடு தீர்ந்தது. நேற்று அவள் வந்து சுதாவுக்குத் தலை இழுத்து, பின்னி, மகளின் பித்தளைக் காப்பையும் கையில் போட்டுவிட்டாள். "வெள்ளியெண்டு சொல்லி ஊரை ஏமாத்து, என்ன" என்று காதுக்குள் சொன்னாள். சுதா கண்ணை மேலே தூக்கினாள்.

நேற்றுப் பின்னேரம் வீரகத்தியும் வந்தான். பிள்ளை போகிறாள் என்று பலகாரம் கொண்டு வந்தான். காது கேளாதவர்களிடம் கத்துவதைப் போல "சுதாஆஆ, போட்டு வாறியோஓஓ" என்று கத்தினான். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்குப் பாயில் கிடந்தபோதும் கேட்டது. சவுக்காரத்தை அவன் தொடவில்லைத்தான். ஆனால் சொன்னதைச் சொன்னான். அவன் போன பிறகு நான் சுளகைப் பிடித்து, செத்தல் மிளகாயை இடப்பக்கம் வாய்ப்பாகக் கொண்டு வந்து கேட்டேன்: "உன்னை மாட்டுக்கண்டு எண்டவனிலை கோபமில்லையோ?"

மிளகாயை அவள் பார்க்கவேயில்லை. மெதுவாக, கழுத்தை முறுக்கி, வலப்பக்கம் தொங்கிய சுண்ணாம்பு டப்பியில் கண்ணைக் கொண்டுபோய் நிறுத்தினாள். முடிந்ததாம்.

இடம் மாற்றிக் கட்டித் திரும்பவும் கேட்டேன். டப்பிதான்.

சரி. அவளுக்கு முடிந்தது. அது அவளுடைய சொல், அதை மாற்ற எனக்கு உரிமையில்லை. ஆனால் எனக்கென்று ஒரு வாய் இருக்கிறது. எல்லாரையும் விட்டுவிட்டேன். ஒருவனை மட்டும் சாகுமட்டும் விட மாட்டேன்.

வீரகத்தி.